கவுனைத் திருப்பிப் பாருங்கள்

குழந்தைக்குக் கவுன் எடுக்கும்போது எல்லோரும் முதலில் பார்ப்பது வெளிப்பக்கம். கலர், பூ, லேஸ் எல்லாம் பார்த்துவிட்டு, சுற்று எவ்வளவு விரிகிறது என்று ஒரு சுழற்றுச் சுழற்றியும் பார்ப்பார்கள். நான் கையில் வாங்கியதும் உள்பக்கம் திருப்பி, இடுப்புத் தையல்மேல் விரலை ஓட்டுவேன். மேலே இருக்கிற பாடியும் கீழே சுருக்கு வைத்த பாவாடையும் சேருகிற அந்த ஒரு கோட்டை வைத்தே, இந்தக் கவுனைக் குழந்தை ஆசையாகப் போட்டுத் திரியுமா, போட்ட கொஞ்ச நேரத்தில் கழற்றச் சொல்லி அழுமா என்று சொல்லிவிடலாம்.

காரிமங்கலத்தில் வீட்டு முன்னறையில் மெஷின் போட்டுத் தைக்கிறேன். தர்மபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவில் இருப்பதால் இரண்டு பக்கத்திலிருந்தும் வேலை வரும். ஜாக்கெட், சுடிதார்தான் அதிகம். ஆனால் காதுகுத்து, முதல் பிறந்தநாள், மாரியம்மன் பண்டிகை, ஆடிப் பதினெட்டு என்று வந்துவிட்டால் குழந்தைகளின் கவுன் குவிந்துவிடும். எனக்கு மனசுக்குப் பிடித்த வேலையும் அதுதான். லைனிங் வைத்த பாடியோடு சுருக்குப் பாவாடையை எப்படிச் சேர்ப்பது என்று என்னிடம் தையல் பழக வருகிற பெண்கள் திரும்பத் திரும்பக் கேட்பதால், தெரிந்ததை இங்கே விரிவாகவே எழுதுகிறேன். என் கட்சி இதுதான்: தையலின் விளிம்பு முழுவதும் மேல்துணிக்கும் லைனிங்குக்கும் நடுவில் அடங்க வேண்டும், லைனிங்கின் கீழ் ஓரத்தைக் கையால் ஹெம்மிங் போட்டு மூட வேண்டும். நேரம் பிடிக்கும். பிடிக்கட்டும்.

ஓசூர்க்காரர்களுக்கு இது அவ்வளவாக உறைக்காது. அங்கே ஊரே குளிர்ச்சி. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் சித்திரை, வைகாசி முகூர்த்தத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போய்ப் பாருங்கள். பளபளவென்று கவுன் போட்ட குழந்தைகள் பாதிப் பேர் வயிற்றைச் சொறிந்துகொண்டிருப்பார்கள். பத்து மணிக்குள் அம்மாக்கள் கவுனைக் கழற்றிவிட்டு ஜட்டியோடு ஓடவிடுவார்கள். வெயிலைக் குறை சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். எனக்குச் சந்தேகம் இடுப்புத் தையல்மேல்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பாவாடையை இடுப்பைப்போல் இரண்டரை மடங்கு எடுத்துச் சுருக்கினால், தையலில் சராசரியாக இரண்டரை அடுக்குப் பாவாடைத் துணி நிற்கும். அதோடு மேல்துணி ஒன்று, லைனிங் ஒன்று. ஆக நாலரை அடுக்கு. அத்தனையையும் ஒன்றாகப் பிடித்து ஒரு தையல், அதன் விளிம்பில் பிசிறை அடக்க ஓவர்லாக் என்று அடித்துவிட்டால், அரை இன்ச் அகலத்தில் ஒரு கெட்டிப் பட்டை இடுப்பைச் சுற்றி உள்பக்கமாக நிற்கும். ஓவர்லாக் நூலோ பெரும்பாலும் பாலியஸ்டர். வேர்வையில் ஊறி, உட்காரும்போதும் எழும்போதும் உரசி, அந்த இடம்தான் முதலில் சிவக்கும். அப்புறம் வேர்க்குரு. லைனிங்குக்கென்று தனியாகத் துணியும் கூலியும் கொடுத்தும் பாவாடை விளிம்பு குழந்தையின் தோலில்தான் படுகிறது என்றால், அந்த லைனிங்கை வைத்ததற்கு என்ன பலன்?

பாவாடையை மேல்துணியோடு மட்டும் சேர்த்து, விளிம்பை மேலே பாடிக்குள் தள்ளி, லைனிங்கை அதன்மேல் இறக்கி மூடினால் கதையே வேறு. தோலில் படுவது காட்டன் மடிப்பு ஒன்றுதான். பிசிறும் சுருக்கும் உள்ளே அடைந்துகிடக்கும்.

இது ஏதோ வெளியூர் ஃபேஷன் என்று நினைக்க வேண்டாம். நம் வீடுகளில் சின்னப் பெண்களுக்குப் பாடி வைத்த பாவாடை தைத்துப் போடுவது வழக்கம்தானே? மூன்று, நான்கு வயசுக் குழந்தைக்கு இடுப்பு என்று தனியாக ஒன்று கிடையாது, வயிறுதான். நாடா கட்டினால் வயிற்றில் பதியும். தளர்த்திக் கட்டினால் பாவாடை காலில் வந்து விழும். அதனால் வெள்ளைக் காட்டனில் கையில்லாத பாடி ஒன்று தைத்து, பாவாடையை அதோடு சேர்த்துவிடுவார்கள். பாரமெல்லாம் தோளுக்குப் போய்விடும். மேலே சட்டை போட்டால் பாடி இருப்பதே தெரியாது.

பாலக்கோட்டுப் பக்கமிருந்து ஒரு ஆயா, பேத்திக்குத் தைக்கக் கொடுக்க வந்தவர், மாதிரிக்கு ஒரு பழைய பட்டுப் பாவாடையை மஞ்சள் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். மகள் சின்ன வயசில் போட்டது. சரிகை கறுத்திருந்தது, பட்டு மடித்த இடங்களில் நைந்திருந்தது. பாடி மட்டும் அப்படியே இருந்தது. இரண்டு அடுக்கு மல் துணி. உள்பக்கம் திருப்பினால் பாவாடையின் ஒரு பிசிறுகூடக் கண்ணில் படவில்லை. மடித்த ஓரத்தில் கைத்தையல், ஒவ்வொன்றும் எள்ளளவு. பாவாடையின் கீழ்ப்பக்கம் பார்டருக்கு மேலே டக், அதாவது உயரத்தைக் குறைக்கப் பிடிக்கிற மடிப்பு, பிடித்துப் பிரித்த தடம் மூன்று வரிசை.

"வருசத்துக்கு ஒரு டக்கு பிரிச்சு விடுவோம் கண்ணு. நாலு வருசம் போட்டா எம்பொண்ணு. இப்ப கடையில வாங்கறது அடுத்த பண்டிகைக்கே பத்தறதில்ல" என்றார்.

கண்ணில் படாத பாடிக்கு இரண்டு அடுக்குத் துணியும் அவ்வளவு நுணுக்கமான கைத்தையலும் போட்டிருக்கிறார் அந்தத் தையல்காரர். அந்த வேலையைப் பார்த்ததில் எனக்கு அன்று முழுக்க மனசு நிறைந்திருந்தது.

சரி, துணியிலிருந்து வருகிறேன்.

துணிக்கு நான் போவது பர்கூர். கிருஷ்ணகிரியிலிருந்து சென்னை போகிற சாலையில் இருக்கிறது. வரிசையாக ஜவுளிக் கடைகள், குட்டி சூரத் என்றே பெயர். அங்கே போனால் கண் மேல்துணியிலேயே நிற்கும். நான் முதலில் லைனிங் துணியைத்தான் எடுப்பேன். குழந்தைக்கு மல், கேம்ப்ரிக், டூ பை டூ, இந்த மாதிரிக் காட்டன்தான். வழவழவென்று மின்னுகிற பாலியஸ்டர் லைனிங் விலை குறைவு, வெட்டும்போது பிசிறு அதிகம், வேர்வையை உறிஞ்சாது. நெட் கவுனுக்கு உள்ளே சாட்டின் பளபளப்பு வேண்டும் என்று கேட்டால், நெட்டுக்கும் காட்டனுக்கும் நடுவில் சாட்டினை வைத்து மூன்று அடுக்காகத் தைப்பேன். தோல் பக்கம் காட்டன் என்பதில் மட்டும் மாற்றம் கிடையாது.

லைனிங்கை ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் நிழலில் உலர்த்தி, கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே தேய்த்துவிட வேண்டும். மேல்துணி காட்டன் என்றால் அதையும் சேர்த்தே நனைக்க வேண்டும். இதைச் சோம்பலில் விட்டால், முதல் துவைப்பிலேயே லைனிங் மட்டும் சுருங்கி, கழுத்தும் இடுப்பும் உள்ளே இழுத்து, மேல்துணி உப்பிக்கொண்டு நிற்கும். அதற்கப்புறம் எவ்வளவு தேய்த்தாலும் சரியாகாது. அடர் கலர் லைனிங் என்றால் சாயம் போகிறதா என்று வெள்ளைத் துணி ஓரத்தில் தேய்த்துப் பார்த்துவிடுவது நல்லது.

அளவுக்கு ஒரு நாலு வயசுக் குழந்தையை எடுத்துக்கொள்வோம். பாடியின் இடுப்புச் சுற்று, தைத்து முடித்த பிறகு, 24 இன்ச் என்று வைத்துக்கொண்டால், பாவாடைக்கு எவ்வளவு அகலம் வேண்டும்? துணியைப் பொறுத்தது. கதர் மாதிரித் தடிமனான துணிக்கு ஒன்றரை மடங்கு, 36 இன்ச் போதும். பாப்ளினுக்கு இரண்டு அல்லது இரண்டரை மடங்கு, 48 முதல் 60 வரை. மல், வாயில் மாதிரி மெல்லிசுக்கு மூன்று மடங்கு, 72 இன்ச்கூடத் தாங்கும். "இன்னும் நல்லாச் சுத்து வெச்சுத் தைங்கக்கா" என்று கேட்பார்கள். தடிமனான துணியில் சுற்றைக் கூட்டினால் பாவாடை விரிவது கொஞ்சம், இடுப்பு பெருப்பது அதிகம். சுற்று வேண்டுமானால் துணியை மெல்லிசாக எடுங்கள் என்று நான் அவர்களிடம் சொல்லிவிடுவேன்.

பாவு நூல், அதாவது துணியின் நீளவாக்கில் போகிற நூல், மேலிருந்து கீழாக ஓடும்படி பாவாடையை வெட்டினால் சுருக்கு நேராக விழும். பார்டர் வைத்த துணியில் அதற்கு வழியில்லை. பார்டர் கீழே வர வேண்டுமென்றால் பாவு குறுக்காகத்தான் போகும். அதனால்தான் பட்டுப் பாவாடை கொஞ்சம் விறைத்து நிற்கிறது, அதற்குச் சுருக்கைவிடக் கொசுவம் பொருந்துகிறது.

பாடியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேல்துணியில் ஒன்று, லைனிங்கில் ஒன்று என இரண்டு பாடியை வெட்டி, தோளைத் தனித்தனியாகச் சேர்த்து, நல்ல பக்கம் இரண்டும் உள்ளே வரும்படி ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் கழுத்தையும் கைக்குழியையும் தைத்து, வளைவுகளில் சின்னச் சின்ன வெட்டுக் கொடுத்து, தோள் வழியாகத் திருப்பிவிட வேண்டும். லைனிங்கை மட்டும் கழுத்தில் ஒரு நூல் அளவு, அதாவது இன்ச்சில் எட்டில் ஒரு பங்கு, குறைத்து வெட்டினால் வெளியே எட்டிப் பார்க்காது. மார்ஜினை, அதாவது தையலுக்கு வெளியே விடுகிற துணியை, லைனிங் பக்கம் ஒதுக்கி அதன் ஓரத்தில் ஒரு தையல் ஓட்டிவிட்டால் இன்னும் நன்றாகப் படியும். பக்கத் தையலைக் கடைசியில்தான் போட வேண்டும். மேல்துணியின் கீழ் ஓரத்தில் ஆரம்பித்து, கைக்குழியைக் கடந்து, லைனிங்கின் கீழ் ஓரம் வரை ஒரே ஓட்டமாக. அதில் இரண்டு பக்கமும் ஒரு இன்ச் மார்ஜின் விடுகிறேன். பாடியின் கீழேயும், இடுப்பு வருகிற இடத்தில், அரை இன்ச்சுக்குப் பதிலாக ஒரு இன்ச் விட்டு, தையல் வர வேண்டிய கோட்டைச் சாக்பீஸால் போட்டுவிடுவேன். லைனிங்கிலும் அப்படியே. ஏன் என்று அப்புறம் சொல்கிறேன்.

இனி சுருக்கு. இங்கேதான் பொறுமை வேண்டும்.

மெஷினில் தையலை ஆகப் பெரிசாக வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணத் தையல் ஒரு இன்ச்சுக்குப் பத்து, பன்னிரண்டு விழும் என்றால், சுருக்குக்கு ஆறு விழுந்தால் போதும். மேல் நூல் டென்ஷனைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். பாவாடையின் மேல் ஓரத்திலிருந்து கால் இன்ச்சில் ஒரு ஓட்டம். அரை இன்ச்சுக்கு ஒரு நூல் கீழே இன்னொரு ஓட்டம். இடுப்புத் தையல் அரை இன்ச்சில், இந்த இரண்டுக்கும் நடுவில் வரப்போகிறது. ஒரே ஓட்டத்தில் சுருக்கினால் துணி அந்த ஒரு நூலில் தொங்கிக்கொண்டு இஷ்டத்துக்குத் திரும்பும். இரண்டு ஓட்டம் இருந்தால் ஒவ்வொரு சுருக்கும் நேராக நிற்கும், தைக்கும்போது மடங்காது. நூல் வேறு கலரில் இருந்தால் பிறகு உருவுவதற்குத் தேட வேண்டாம். பட்டு, சாட்டின் மாதிரி ஊசித்துளை மறையாத துணிக்கு மட்டும் இரண்டு ஓட்டத்தையும் மார்ஜினுக்குள்ளேயே போட்டுக்கொள்ள வேண்டும்.

பாவாடை முழுவதையும் ஒரே நூலில் சுருக்கக் கூடாது. முன்பக்கத்துக்குத் தனி, பின்பக்கம் இரண்டு பாதிக்கும் தனித்தனி. பக்கத் தையல் வந்த இடத்தில் நூலை முடித்து, தாண்டி மறுபடி ஆரம்பிக்க வேண்டும். அந்த மொத்தமான இடத்தில் நூல் மாட்டினால் இழுக்கும்போது அறுந்துபோகும், அதுவரை செய்த வேலை அத்தனையும் வீண்.

இழுக்க வேண்டியது மெஷினில் அடியிலிருந்து வருகிற பாபின் நூலை. இரண்டு ஓட்டத்தின் பாபின் நூலையும் சேர்த்துப் பிடித்து, ஒரு கையால் நூலை மெதுவாக இழுத்து, மறு கையின் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் துணியை உள்ளே தள்ளிக்கொண்டே போக வேண்டும். அதற்கு முன்னால் பாடியையும் பாவாடையையும் நான்காக மடித்து, ஓரத்தில் குறி போட்டுக்கொண்டு, குறியோடு குறி வைத்துக் குண்டூசி குத்திவிட வேண்டும். பிறகு ஒவ்வொரு கால் பாகத்தையும் தனியாகச் சுருக்கி, அளவு சரியானதும் நூல் நுனியைக் குண்டூசியில் எட்டுப் போலச் சுற்றிவிடுங்கள். முடிச்சு இப்போதே வேண்டாம்.

சுருக்கை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பரப்ப வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பார்கள். எனக்கு அதில் ஒரு சின்ன மாற்றம் உண்டு. கைக்கு நேர் கீழே, பக்கத் தையலுக்கு இரண்டு பக்கமும் ஒரு இன்ச் தூரம் சுருக்கைக் குறைத்துவிட்டு, அந்தத் துணியை முன்னும் பின்னும் தள்ளிவிடுவேன். குழந்தை கையைத் தொங்கவிடும்போது அந்த இடத்தில் துணி மொத்தமாக நின்றால் கவுன் பார்க்க உருண்டையாகிவிடும். முன்வயிற்றுப் பக்கம் சுருக்கு நிறைய இருந்தால் உட்காரத் தாராளமாக இருக்கும்.

சேர்க்கும்போது லைனிங்கை மேலே தூக்கிக் குண்டூசியால் ஒதுக்கிவிடுங்கள். அது இந்தத் தையலில் மாட்டவே கூடாது. பாடியின் நல்ல பக்கமும் பாவாடையின் நல்ல பக்கமும் ஒன்றையொன்று பார்க்க, பாடி கீழே, சுருக்கு மேலே, கண் பார்வையில் இருக்க வேண்டும். பாடியின் மார்ஜின் ஒரு இன்ச், பாவாடையுடையது அரை இன்ச் என்பதால் ஓரத்துக்கு ஓரம் வைக்காமல் சாக்பீஸ் கோட்டைப் பார்த்து வைக்க வேண்டும். பாப்ளினுக்கு 14ஆம் நம்பர் ஊசி, மல்லுக்கு 11.

என்னிடம் பழக வருகிறவர்களில் சிலர், மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கத்தில் பள்ளிச் சீருடை தைத்துப் பழகியவர்கள். அரசு கொடுக்கிற சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தில் மெஷின் வாங்கியவர்களும் உண்டு. சீருடை தைத்த கைக்கு நல்ல வேகம். நேர்த்தையலை அவர்கள் அடிக்கிற அழகைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் சுருக்கு வந்ததும் அந்த வேகத்தை விட்டுவிட வேண்டும். மிதியை மெல்ல மிதித்து, நாலு தையலுக்கு ஒருமுறை நின்று, மெஷின் காலுக்கு அடியில் நுழையப் போகிற சுருக்கைக் குத்தூசி நுனியால் நேராக்கிவிட்டு, மறுபடி நாலு தையல். துணியை முன்னால் இழுக்கவும் கூடாது, பின்னாலிருந்து தள்ளவும் கூடாது. சுருக்கு ஊசிக்கு நேராக வர வேண்டும். சாய்ந்து வந்தால் அது மடிப்பாகத் தைபட்டு, வெளிப்பக்கம் சின்னப் பல்லாகத் தெரியும்.

தைத்ததும் வெளிப்பக்கம் திருப்பி ஒரு சுற்றுப் பார்த்துவிடுங்கள். சரியாக இருந்தால், மார்ஜினுக்குள் ஒரு நூல் தள்ளி இன்னொரு ஓட்டம் ஓட்டி விளிம்பை அடக்கலாம். கீழே தெரிகிற சுருக்கு நூலை உருவிவிட வேண்டும். மேலே மார்ஜினுக்குள் இருப்பது அப்படியே இருக்கட்டும். பிறகு மார்ஜினை மேல்நோக்கி மடித்து, இஸ்திரிப் பெட்டியின் நுனியால் மார்ஜினை மட்டும் தேய்க்க வேண்டும். சுருக்கின்மேல் பெட்டியைப் படுக்கப் போட்டுத் தேய்த்தால் அது தட்டையாகிவிடும். பட்ட பாடெல்லாம் போச்சு.

கனமான பாவாடை என்றால் இந்தத் தையலோடு ஒரு காட்டன் நாடாவையும் சேர்த்து அடித்துவிடுவேன். பாவாடையின் கனத்தில் பாடியின் இடுப்பு நாளடைவில் விரிந்துபோகாமல் அது பிடித்துக்கொள்ளும்.

இனி லைனிங்கை இறக்குவது. கீழ் ஓரத்தை உள்ளே மடித்து, மடிப்பு சரியாக இடுப்புத் தையலைத் தொட்டுக்கொண்டு உட்காரும்படி வைத்து, முதலில் நடுவிலும் பக்கத் தையல்களிலும் குண்டூசி. அப்புறம் மீதி. லைனிங் உயரத்தில் ஒரு நூல் தளர்வாக இருந்தால் நல்லது. இறுக்கமாக இருந்தால் மேல்துணியைத் தூக்கிப் பிடிக்கும். ஒற்றை நூல், மெல்லிய ஊசி. மடிப்பின் உள்ளே ஊசியை ஓட்டி வெளியே எடுத்து, நேர் எதிரே இடுப்புத் தையல் நூலையோ மார்ஜின் துணியையோ மட்டும் ஒரு இழை எடுத்து, மறுபடி மடிப்புக்குள். மேல்துணியில் ஊசி படக் கூடாது. ஒரு இன்ச்சுக்கு ஐந்தாறு தையல். நூலை வெடுக்கென்று இழுக்காமல் துணி சமமாகப் படுகிற அளவுக்கு இழுத்தால் போதும். ஒரு ஜாண் தூரத்துக்கு ஒருமுறை அதே இடத்தில் இரண்டு தையல் போட்டுக்கொண்டால், எங்காவது நூல் அறுந்தாலும் முழுவதும் பிரியாது.

கிருஷ்ணகிரியிலிருந்து கவுன் கொடுக்க வந்த ஒரு பெண் கூலியைக் கேட்டுவிட்டு, "உள்ள யாருக்கா பாக்கப் போறாங்க? ஓவர்லாக் அடிச்சுக் குடுத்துடுங்க, போதும்" என்றாள்.

"பாப்பா வயித்துக்குத் தெரியும்மா" என்று சொல்லி, இரண்டு விதமாகத் தைத்த கவுனையும் அவள் கையில் கொடுத்தேன். உள்பக்கம் விரலை ஓட்டிப் பார்த்தாள். "சரிக்கா, உங்க இஷ்டப்படியே தைங்க" என்று வைத்துவிட்டுப் போனாள். கூலியைக் குறைத்துச் சொல்லி வேலையைக் குறைப்பதைவிட, இப்படிக் கையில் கொடுத்துக் காட்டிவிடுவது எனக்குச் சரியாக வருகிறது.

கைத்தையலே இல்லாமல் மெஷினிலேயே முடிக்க ஒரு வழி இருக்கிறது. பாவாடையை நடுவில் வைத்து, மேல்துணியும் லைனிங்கும் இரண்டு பக்கமும் மூட, மூன்றையும் ஒரே தையலில் பிடித்து, விட்டுவைத்த ஒரு திறப்பு வழியாக எல்லாவற்றையும் வெளியே இழுப்பது. வேலை சுத்தமாக இருக்கும், பிசிறும் மறைந்துவிடும். கைக்குழந்தைகளுக்கு மல்லில் தைக்கும்போது நானும் இப்படித் தைப்பதுண்டு. பெரிய குழந்தைகளுக்கு வேண்டாம் என்பேன். நாலரை அடுக்கும் மறுபடி ஒரே தையலில் வந்துவிடுகிறது. தைக்கும்போது லைனிங் பக்கம் எந்தச் சுருக்கு மடிந்தது என்று பார்க்க முடியாது. இதைவிடப் பெரிய காரணம், பிறகு அதைப் பிரிப்பது பெரும்பாடு.

பாவாடைக்கும் லைனிங் கேட்டால், மேல் பாவாடையையும் லைனிங் பாவாடையையும் சேர்த்துச் சுருக்கி ஒன்றாக வைக்காதீர்கள். மேல் பாவாடை மேல் பாடியோடு, லைனிங் பாவாடை லைனிங் பாடியோடு. லைனிங் பாவாடைக்கு ஒன்றரை மடங்கு சுற்றுப் போதும். இரண்டு தையலின் விளிம்பும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நடுவில் இருக்கும். தோல் பக்கம் நல்ல பக்கம்தான் வரும். பாவாடை உப்பலாக நிற்க உள்ளே வைக்கிற விறைப்பான நெட்டான கேன்கேன் வைப்பதானால் அதை லைனிங் பாவாடையின் வெளிப்பக்கத்தில் சேர்த்து, வெட்டிய ஓரத்தைக் காட்டன் பட்டையால் மூட வேண்டும். அந்த நெட்டின் ஓரம் குழந்தையின் தொடையை எப்படிக் கீறும் என்று பார்த்தவர்களுக்கு இதை இரண்டாவது தடவை சொல்ல வேண்டியதில்லை.

பட்டில் தைப்பது தனிக் கவனம். தர்மபுரியில் பட்டுக்கூடு அங்காடி இருக்கிறது. மல்பெரி போட்டுப் பட்டுப்புழு வளர்க்கிற குடும்பங்கள் என்னிடம் தைக்கக் கொடுக்கிறார்கள். ராத்திரி பகல் பார்க்காமல் புழுவுக்குத் தழை போட்டவர்கள் கொண்டுவந்து கொடுக்கிற பட்டில், தேவையில்லாத ஒரு ஊசித்துளை விழுந்தாலும் எனக்கு மனசு கேட்காது. குண்டூசியை மார்ஜினுக்குள் மட்டும் குத்துவேன். புது ஊசி மாட்டாமல் பட்டைத் தொடுவதில்லை. சரிகை இடுப்புத் தையலுக்குள் வந்தால் அந்த இடத்தில் கண்டிப்பாகக் கையால்தான் ஹெம்மிங். சரிகைமேல் மெஷின் ஊசி போனால் இழை அறுந்து நீட்டிக்கொண்டு நிற்கும்.

பின்பக்கத் திறப்புக்கு, சின்னக் குழந்தை என்றால் ஜிப்பைவிடத் தட்டையான பட்டன் நல்லது. படுக்கும்போது முதுகில் குத்தாது. திறப்பு இடுப்போடு நின்றுவிடாமல் பாவாடைக்குள்ளும் மூன்று நான்கு இன்ச் இறங்கினால்தான் தோள் வழியாகப் போட்டுக் கழற்ற வரும். கீழ் மடிப்பைப் போடுவதற்கு முன்னால் கவுனை ஒரு ராத்திரி தொங்கவிட்டால், துணி இழுக்க வேண்டியது இழுத்துவிடும். பிறகு அளவெடுத்து மடித்தால் ஓரம் ஏறி இறங்காது. அந்த மடிப்புக்கு மேலே, உள்பக்கமாக, பெரிய தையலில் ஒரு டக் பிடித்துவிடுவேன்.

ஒரு இன்ச் மார்ஜின் ஏன் என்று சொல்கிறேன் என்றேனே, அதற்கு வருகிறேன். அடுத்த வருஷம் பாப்பா வளர்ந்து, பாடி இறுக்கமாகிவிட்டது என்று கொண்டுவருவார்கள். கையால் போட்ட ஹெம்மிங் என்பதால் லைனிங்கை உரிப்பது சுலபம். பக்கத் தையலுக்கு இரண்டு பக்கமும் கொஞ்ச தூரம் நூலை வெட்டி உருவினால் போதும். அந்த அளவுக்கு மட்டும் இடுப்புத் தையலையும் பிரித்து, பக்கத் தையலைப் பிரித்து, மார்ஜினிலிருந்து ஒவ்வொரு ஓரத்திலும் அரை இன்ச் வெளியே விட்டுத் தைத்தால், சுற்றளவில் இரண்டு இன்ச் கிடைக்கும். பாவாடையில் துணி ஏற்கெனவே தாராளம். அந்த இடத்துச் சுருக்கைக் கொஞ்சம் தளர்த்திவிட்டால் புது அளவுக்கு வந்துவிடும். மார்ஜினுக்குள் உருவாமல் விட்ட சுருக்கு நூல் மீதிச் சுருக்கைக் கலையாமல் பிடித்துக்கொண்டிருக்கும். பாடி நீளமும் பற்றவில்லை என்றால் இடுப்பை முழுக்கப் பிரித்து, கீழே விட்ட ஒரு இன்ச்சில் அரை இன்ச்சை இறக்கிக்கொள்ளலாம். பாவாடை உயரத்துக்கு டக் இருக்கிறது, உருவினால் இறங்கிவிடும். பழைய மடிப்பின் கோடு தெரிந்தால், வினிகர் கொஞ்சம் கலந்த தண்ணீரை ஒரு துணியில் நனைத்துத் தடவி, மேலே இன்னொரு துணி போட்டுத் தேய்த்துப் பாருங்கள். முதலில் உள்பக்கம் ஒரு ஓரத்தில் தடவி, சாயம் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கும் போகாத கோட்டின்மேல் மெல்லிசாக ஒரு லேஸ் வைத்துத் தைத்துக் கொடுத்துவிடலாம்.